சுகிர்தம் டாக்டர் தேடிப் போன பெண்கள்

டாக்டர் சுகிர்தம் காலமான செய்தி வந்தபோது நான் ஸ்கேன் அறையில் இருந்தேன். பகல் பன்னிரண்டு மணி. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி படுத்திருந்தாள். குழந்தையின் தலையை அளந்துகொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. வேலை நேரத்தில் நான் எடுப்பதில்லை. நின்று, மறுபடி அடித்து, மூன்றாம் முறையும் அடித்ததால் எடுத்தேன். நம் மருத்துவமனை அறுவை அரங்கில் பல வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மேரி சிஸ்டர் பேசினார்.

“கோமதி டாக்டர், சுகிர்தம்மா போயிட்டாவ. காலையில காப்பி குடிச்சிட்டு நாற்காலியில இருந்திருக்காவ. வேலைக்கு வார பொண்ணு கூப்பிட்டுப் பாத்திருக்கா. பதில் இல்ல.”

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி கருவியை எடுத்து அந்தப் பெண்ணின் வயிற்றில் வைத்தபோது அவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

“புள்ளைக்கு ஏதும் கோளாறா டாக்டர்?”

“இல்லம்மா. புள்ள நல்லாருக்கு. எனக்கு வேண்டிய ஒருத்தங்க தவறிட்டாங்க.”

“ஐயோ” என்றாள். படுத்தபடியே என் மணிக்கட்டைத் தொட்டாள். வெளியே இன்னும் பதினொரு பேர் காத்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் பார்த்து முடித்தேன். அழுகை வரவில்லை. பெரும் களைப்புதான் வந்தது.

அவரோடு வேலை பார்த்த நாம் எல்லோரும் கூடும் கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்று கேட்டீர்கள். எனக்கு மேடையில் பேச வராது. எழுதித் தருகிறேன். இதில் வரும் மூன்று பெண்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

சுகிர்தம் அக்கா நாசரேத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் ஆசிரியர்கள். நம் மருத்துவமனைக்கு மகப்பேறு மருத்துவராக அவர் வந்து நான்கு வருடம் கழித்து ஸ்கேன் பிரிவுக்கு நான் வந்தேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். வந்த முதல் வாரத்தில் ஒரு பெண்ணுக்கு ஸ்கேன் செய்து, ரிப்போர்ட் எழுதி மாடிக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவரே இறங்கி வந்தார்.

“என்னளா இது, எனக்கு லெட்டர் எழுதிருக்கே. படத்தக் காட்டு.”

அந்தப் பெண்ணைத் திரும்ப வரவழைத்து, இருட்டறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். “நீ வெளியிலேருந்து பாக்கே. நான் உள்ள போயி வெட்டப்போறேன். ரெண்டு பேரும் ஒரே எடத்தத்தான் பாக்கமான்னு தெரிய வேண்டாமா?” என்றார். அன்றிலிருந்து ஏறத்தாழ இருபது வருடம், அவர் அறுவை செய்யப்போகும் ஒவ்வொரு பெண்ணையும் நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தோம். ஒரே ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்லும் முன், அவர் செய்துவந்த அறுவை சிகிச்சை என்னவென்று, நம் அலுவலகத்திலிருந்தும் சமையற்கூடத்திலிருந்தும் வருபவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெண் குழந்தை தாயின் வயிற்றில் உருவாகும்போது, அதன் கர்ப்பப்பை முதலில் இரண்டு குழாய்களாகத்தான் இருக்கும். இரண்டும் ஒட்டி ஒரே பையாகி, நடுவிலிருக்கும் சுவர் கரைந்துபோக வேண்டும். சிலருக்குச் சுவர் கரையாமல் நின்றுவிடும். அப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் கரு தங்காமல் போகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருக்கும். கர்ப்பப்பையின் வாய் வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, நுனியிலுள்ள சிறு கத்தரியால் அந்தச் சுவரை வெட்டிவிடலாம். வயிற்றில் தழும்பு கூட இருக்காது.

வேறு சிலருக்கு இரண்டு குழாய்களும் மேல்பக்கம் சரியாக ஒட்டாமலே போயிருக்கும். பையின் உச்சி வெளியிலும் பிளந்து இரண்டு கொம்பாக நிற்கும். உள்ளிருந்து பார்த்தால் இதுவும் சுவர் மாதிரியேதான் தெரியும். ஆனால் அது சுவர் இல்லை, பையின் உடம்பே அதுதான். அதை வெட்டினால் பை ஓட்டையாகிவிடும். எது சுவர், எது பை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை.

ரோஸ்லின் புன்னைக்காயலிலிருந்து வந்தாள். இருபத்தாறு வயது. நாலாம் மாதம், ஐந்தாம் மாதம், மறுபடி ஐந்தாம் மாதம் என்று மூன்று பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. புருஷன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். கூட வந்த மாமியார் வராந்தாவில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: “மாதா கோயிலுக்கு நேராத நேர்ச்சை இல்ல. இதுக்கு மேல என் மவன் என்ன செய்வான்?” ரோஸ்லின் தலையைக் குனிந்து நின்றாள்.

அன்று சுகிர்தம் அக்கா ஒரு கஷ்டமான பிரசவத்தில் இருந்தார். கீழே வர முடியவில்லை. அப்போது எங்களிடம் இருந்தது பழைய இயந்திரம். ரோஸ்லினின் கர்ப்பப்பையின் உச்சி எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் இரண்டு அறையும் நடுவில் தடுப்பும் தெளிவாகத் தெரிந்தன. வெளியே கூட்டம். ‘சுவர்’ என்று எழுதிவிட்டேன். ‘உச்சி தெளிவாகத் தெரியவில்லை’ என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

வழக்கமாக அவர் வெட்டுவதற்கு முன் தொப்புள் வழியாக இன்னொரு கேமராவை விட்டுக் கர்ப்பப்பையை வெளியிலிருந்தும் பார்ப்பார். அந்த வாரம் அந்தக் கேமரா பழுதுபார்க்கப் போயிருந்தது. ஒரு வாரம் பொறுக்கலாம் என்று அவர் சொன்னபோது, ரோஸ்லினின் மாமியார் பொறுக்க மாட்டேன் என்றாள். மகன் கடலிலிருந்து திரும்பியிருந்தான். அவன் ஊரில் இருக்கும்போதே முடிய வேண்டும் என்று பிடிவாதம். என் ரிப்போர்ட் இருக்கிறதே என்று அக்கா ஒப்புக்கொண்டார்.

வெட்டத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே திரையில் கர்ப்பப்பையின் உட்புறம் மறைந்து குடல் தெரிந்ததாம். பை உச்சியில் ஓட்டை விழுந்துவிட்டது. இரத்தம் நிற்காததால் வயிற்றைத் திறந்து தைக்க வேண்டியதாயிற்று. திறந்தபோதுதான் இரண்டு கொம்பும் தெரிந்தன. என்னை அரங்குக்குக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். அவர் தலையை நிமிர்த்தாமல், “பாத்துக்கோ கோமு” என்று மட்டும் சொன்னார்.

தைத்து முடித்து, அங்கி கூட மாற்றாமல் வெளியே வந்தார். பின்னால் நான். ரோஸ்லினின் மாமியாரும் புருஷன் அந்தோணியும் பெஞ்சிலிருந்து எழுந்தார்கள்.

“உம் பொண்டாட்டி பொழச்சிட்டா” என்றார் அந்தோணியிடம். “ஆனா நான் வெட்டக்கூடாதத வெட்டிட்டேன். பையில ஓட்ட விழுந்துட்டு. தச்சிருக்கேன். வெளிய ஒரு தடவ பாத்திருக்கணும். பாக்காம வெட்டுனது என் தப்பு.”

மாமியார் கத்தினாள். மண்ணை வாரித் தூற்றாத குறை. அந்தோணி அக்காவின் அங்கியிலிருந்த இரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என் ரிப்போர்ட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன். சொல்லவே இல்லை.

அறைக்குள் வந்ததும், “எழுதினது நான்தானக்கா” என்றேன்.

“ஆமா, நீ எழுதுனே. கத்தி யாரு கையில இருந்துச்சு?”

“அதுக்காக முழுசையும் நீங்க...”

“ஏளா, ரெண்டு பேரும் சேந்து அழுதா அவளுக்கு என்ன கெடைக்கப்போவுது? நீ போயி அவ கண்ணு முழிச்சதும் பக்கத்துல நில்லு.”

நின்றேன். ஆறு வாரம் கழித்துத் தையலைக் காட்ட வந்த ரோஸ்லினிடம், யாரும் இல்லாத நேரத்தில், தப்பான ரிப்போர்ட் எழுதியது நான் என்று சொன்னேன். எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள்.

“யாரு செஞ்சா என்ன டாக்டர். இப்ப எனக்குப் புள்ள நிக்குமா, நிக்காதா? அத மட்டும் சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

ஒன்றரை வருடம் கழித்து அவள் கர்ப்பமானாள். தைத்த தழும்பு பையின் உச்சியில் இருந்தது. பிள்ளை வளர வளர அது மெலியும், வலி எடுத்தால் கிழியக்கூடும். ஏழாம் மாதம் தொடங்கியதும் சுகிர்தம் அக்கா அவளைப் பிரசவ அறைக்கு எதிரிலிருந்த கட்டிலில் படுக்கவைத்துவிட்டார். இதற்கு மாமியார் ஒரு சண்டை, நிர்வாகம் ஒரு சண்டை. “அவ கட்டிலக் காலி பண்ணணும்னா என்னையும் காலி பண்ணிரலாம்” என்றார். நாள்தோறும் காலையும் மாலையும் அவரே போய் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். அந்த நாட்களில் அவர் வெளியூர்க் கல்யாணம் எதற்கும் போனதில்லை. தன் சொந்தத் தங்கை மகளின் கல்யாணத்துக்குக் கூட.

எட்டாம் மாத நடுவில் ஒரு மத்தியானம் ரோஸ்லினுக்கு உச்சி வயிற்றில் சுள்ளென்று வலித்தது. இருபது நிமிடத்தில் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் பிள்ளை, இரண்டு கிலோவுக்கும் குறைவு, ஆனால் கத்தினாள். தழும்பு வெங்காயத் தோல் மாதிரி இருந்தது என்று அக்கா பிறகு சொன்னார். அதன் வழியாகப் பிள்ளையின் தலைமுடி தெரிந்ததாம்.

அந்தோணி பெரிய டப்பாவில் மக்ரூன் இனிப்பு வாங்கிவந்து ஆஸ்பத்திரி முழுவதும் கொடுத்தான். மாமியார் அக்காவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். எல்லோரும் சந்தோஷமாக இருந்த அந்த நேரத்தில் அவர் மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“கோமு, நாம வெட்டி ஓட்ட போட்ட பையி. அதுவே ஒரு புள்ளைய எட்டு மாசம் தாங்கிட்டு” என்றார். “தொடாம விட்டிருந்தா?”

“அதெல்லாம் யாருக்கக்கா தெரியும்?”

“அதான். யாருக்குத் தெரியும்?”

அந்தக் கேள்வி அவரை விடவில்லை என்பது எனக்குச் சில வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. புது இயந்திரம் வந்து, உச்சியை முழு உருவமாகப் பார்க்கும் வசதி வந்து, தவறே இல்லாமல் அவர் நிறையப் பெண்களுக்குச் சுவரை வெட்டியிருந்த காலம் அது. திருநெல்வேலிச் சாலையில் ஒரு பெரிய விளம்பரப் பலகை வைக்க நிர்வாகம் விரும்பியது. இந்த அறுவைக்குப் பிறகு எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது என்று அவரிடம் கணக்குக் கேட்டார்கள். அவர் பழைய கேஸ் தாள்களை எடுத்து என் அறைக்குக் கொண்டுவந்தார்.

“இதுல யாரு யாருக்குப் பொறந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?”

தெரிந்த பெயர்களைச் சொன்னேன்.

“உனக்கு எப்படித் தெரியும்? மக்ரூன் கொண்டாந்தாங்க, தெரியும். கொண்டாராதவங்க என்ன ஆனாங்க?”

நான் தாள்களைப் புரட்டினேன்.

“இன்னொண்ணு. நாம வெட்டணும்னு சொல்லி, வேண்டாம்னு எந்திரிச்சிப் போனவங்க இருக்காங்கல்லா. அவங்க என்ன ஆனாங்க?”

உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்கும் அப்போது ஐம்பதை நெருங்கும் வயது, முட்டுவலி, வீட்டில் படுத்த படுக்கையாக மாமனார். இதையெல்லாம் இப்போது ஏன் கிளற வேண்டும் என்று கேட்டேன். “நீ வர வேண்டாம். நான் போயிக்கிடுதேன்” என்றார். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவருடைய பழைய காரில் முன் இருக்கையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் தேடினோம். பாதிப் பேருக்குக் கைபேசி எண் மாறியிருந்தது. உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருத்தியைத் தேடி வெயிலில் வரப்பு வரப்பாக நடந்தோம். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இன்னொருத்தி வீட்டில் புருஷன் வேறு கல்யாணம் செய்திருந்தான். புதியவள் எங்களுக்கு மோர் கொடுத்தாள், பழையவள் இருக்குமிடம் தெரியாது என்றாள். ஒரு வீட்டில் கதவைத் திறந்தவள் எங்களைப் பார்த்ததும் மூடிவிட்டாள். அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கதவைப் பார்த்து நின்றுவிட்டு, “சரி, வா” என்றார்.

காயல்பட்டினத்து ஹாஜராவைப் பார்க்கப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு கரு கலைந்து வந்தவள் அவள். என் படத்தில் சுவர் தெளிவாக இருந்தது, சந்தேகமே இல்லை. வெட்ட வேண்டும் என்று அக்கா சொன்னபோது அவளும் அவள் உம்மாவும் மறுத்தார்கள். மாப்பிள்ளை துபாயிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வருபவர். “நாப்பது நாள் லீவுல வந்திருக்காரு டாக்டரம்மா. அதுல ஆப்ரேசன், ஓய்வுன்னு படுக்கச் சொன்னா நான் எப்ப பிள்ளை உண்டாக?” என்று ஹாஜரா கேட்டாள். அக்காவுக்கு அன்று கோபம் வந்துவிட்டது. “போ. மூணாவதும் போகும், அப்ப வருவே” என்று சொல்லி அனுப்பினார்.

அவள் வரவே இல்லை. ஏழெட்டு வருடம் கழித்து நாங்கள்தான் போனோம். தெருவுக்குள் கார் நுழையாது. முக்கில் நிறுத்திவிட்டு, எதிரே வந்த ஸ்கூட்டர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். கதவைத் திறந்தவளின் இடுப்பில் ஒன்று, பின்னால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. வெட்டாத அதே கர்ப்பப்பையில் பிறந்தவை இரண்டும்.

அக்காவின் முகம் மலர்ந்தது. உட்கார்ந்ததும், “அன்னைக்கு நான் உன்ன ஏசிட்டேன். நான் சொன்னது தப்பாப் போச்சு. அதுக்கு நான் சந்தோசப்படுதேன்” என்றார்.

ஹாஜரா சிரிக்கவில்லை. பிள்ளையை இறக்கிவிட்டு, மூத்தவனைக் காட்டிச் சொன்னாள்: “மூணாவதும் போகும்னு நீங்க சொன்னிய. இவன் வயித்துல இருந்த அத்தன மாசமும் எனக்கு அதே ஓர்மைதான் டாக்டரம்மா. ஒவ்வொரு தடவ பாத்ரூம் போகும்போதும் ரத்தம் இருக்கான்னு பாப்பேன். பிள்ளை அசைஞ்சுச்சுன்னா எல்லாரும் சந்தோசப்படுவாங்களாம். எனக்கு அழுகதான் வரும், இதும் நம்ம விட்டுட்டுப் போகுமேன்னு. இவனுக்கு ஒரு சட்டைகூட முன்னாடி வாங்கி வைக்கல.”

அக்கா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, “மன்னிச்சிரும்மா” என்றார்.

“அதெல்லாம் எப்பவோ போச்சு. டீ குடிங்க” என்றாள் ஹாஜரா. ஆறிப்போகும்வரை டீயைக் கையில் வைத்திருந்தார் அக்கா. காருக்கு வந்ததும் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, “கத்தியால வெட்டுனது ஒருத்திய. வாயால வெட்டுனது எத்தன பேரயோ” என்றார்.

தேடி முடித்தபோது எங்களுக்குக் கிடைத்தது இதுதான். வெட்டிக்கொண்டவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருந்தார்கள்; மறுபடியும் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். வெட்டாமல் போனவர்களிலும் அப்படியே. வெட்டிக்கொண்டவர்கள்தான் மேல் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லும்படி வித்தியாசம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. நாங்கள் கண்டுபிடித்தது கொஞ்சம் பேரைத்தான். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஊர் டாக்டர்களின் மாதக் கூட்டத்தில் எழுந்து அதை அப்படியே சொன்னார்.

ஓர் இளம் டாக்டர் கேட்டார்: “அப்ப இத்தன வருசமா நீங்க பண்ணினதெல்லாம்?”

“அதத்தான் தம்பி நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றார். “வெட்டாதீங்கன்னு நான் சொல்லல. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி அந்தப் பிள்ளைககிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லுதேன்.”

யாரும் கை தட்டவில்லை. சாப்பாடு தயார் என்று யாரோ சொன்னார்கள், எழுந்து போனார்கள். விளம்பரப் பலகை வரவில்லை. ஓய்வு வயது வந்தபோது அவருக்கு நீட்டிப்பு கொடுக்கவில்லை. அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அவரும் சொன்னதில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஓய்வு வரை இருந்த காலத்தில் அவர் அறுவை செய்யாமல் இல்லை. பலமுறை பறிகொடுத்தவளை உட்காரவைத்து, இரண்டு பக்கத்தையும் சொல்லி, “வீட்டுக்குப் போயி யோசிச்சிட்டு வா. நீ வேண்டாம்னு சொன்னா நான் கோவப்பட மாட்டேன்” என்பார். வேண்டும் என்று வந்தவளுக்குச் செய்தார்.

கடைசியாக அவரைப் பார்த்தது இரண்டு மாதம் முன்பு, இங்கே பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டையில் அவர் வீட்டில். கணவர் காலமானபின் தனியாகத்தான் இருந்தார், மகன் வெளிநாட்டில். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. “கோமு, வெட்டாம விட்டிருக்க வேண்டியவங்க எத்தன பேருன்னு தெரியாமலே போகப்போறேன்” என்றார். ஆறுதலாக ஒரு பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். அவரிடம் பொய் எடுபடாது. “காப்பி போடவாக்கா?” என்று கேட்டேன். சிரித்தார். “போடு. சீனி போடாத.”

அடக்கம் நாசரேத்தில். நான் பெரிய கூட்டத்தை எதிர்பார்த்தேன். அவர் கையில் பிறந்த பிள்ளைகள் வந்தாலே கல்லறைத் தோட்டம் கொள்ளாது. அவ்வளவு பேர் வரவில்லை. வேலை நாள், வெயில். பிள்ளை பெற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி மறந்துபோவது இயல்புதான், மறக்க வேண்டியதும்தான். ரோஸ்லின் மகளோடு வந்திருந்தாள். அந்தப் பெண் இப்போது அம்மாவைவிட உயரம். ஹாஜரா போன் செய்து கொஞ்சம் அழுதாள்.

எல்லாம் முடிந்து கலைந்தபோது, வேப்பமரத்தடியில் ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது, நூல் சேலை, அள்ளி முடிந்த கூந்தல். தெரிந்த முகமாக இருந்தது, பெயர் வரவில்லை. போய்க் கேட்டேன்.

“பேச்சியம்மா. ஸ்ரீவைகுண்டம் பக்கம்” என்றாள். “அவிய எனக்கு ஆப்ரேசன் பண்ணிருக்காவ. அப்புறம் ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தீங்க.”

நினைவு வந்தது. வயலோரத்து வீடு. அறுவை நன்றாகத்தான் நடந்தது; அதன்பின் அவளுக்குக் கரு உண்டாகவே இல்லை. ஒரு வரியாக எழுதிக்கொண்டு வந்துவிட்டோம்.

“மூணு பஸ்ஸு மாறி வந்தேன்” என்றாள். “அதுக்கப்புறம் அவிய மாசம் ஒருக்கா போன் போடுவாவ. தவறாம.”

எனக்கு இது தெரியாது. “என்ன பேசுவாங்க?”

“என்ன பேசுவாவ... நெல்லு என்ன வெல போச்சு, ஆத்துல தண்ணி வருதா, மாடு கண்ணு போட்டுச்சா, இதுதான். என்னையக் காங்கிற எல்லாரும் மொத வார்த்த அதத்தான டாக்டர் கேப்பாவ? கல்யாண வீட்டுல, எழவு வீட்டுல, பஸ்ஸுல பக்கத்துல இருக்கவகூட. அவிய ஒரு நாளும் கேட்டதில்ல. ‘நல்லாருக்கியா பேச்சி’ன்னு கேப்பாவ. நல்லாருக்கேன்னு சொல்லுவேன். அவியகிட்ட அப்படிச் சொல்லும்போது நெசமாவே நல்லாருக்க மாதிரி இருக்கும்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பேருந்துக்கு நேரமாயிற்று என்றாள். அவள் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

நண்பர்களே, சுகிர்தம் அக்காவிடம் இருந்த கை எனக்கு இல்லை. அந்தத் துணிச்சலும் இல்லை. இந்த வயதில் இனி வரப்போவதும் இல்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு எண் மட்டும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், “கோமதி டாக்டர் பேசுதேன். நல்லாருக்கியா பேச்சி?” என்றேன். “நல்லாருக்கேன் டாக்டர்” என்றாள். பிறகு, இந்த வருடம் கார் பருவ நெல்லுக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை என்று அவள் சொல்லத் தொடங்கினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.